மடக்கு பேரல் ஏர் ரைஃபிள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மடக்கு பேரல் ஏர் ரைஃபிள் என்றால், பேரலை, அதாவது குழலை, கீலில் மடக்கித் தயாராக்கி, காற்றழுத்தத்தால் சுடும் ரைஃபிள். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து ஏர் ரைஃபிள் வாங்குவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வரும். நொடிக்கு 380 மீட்டர் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் ஈயமே இல்லாத, மிக லேசான உலோகக்கலவை பெல்லட்டை (ஏர் ரைஃபிளில் போடும் சிறு குண்டை) வைத்து அளந்த எண். 0.33 கிராம் பெல்லட் அந்த வேகத்தில் போனால் ஆற்றல் சுமார் 24 ஜூல். 0.52 கிராம் ஈயப் பெல்லட் 300 மீட்டர் வேகத்தில் போனாலும் கிட்டத்தட்ட அதே ஆற்றல்தான். ஆக, பெல்லட்டை மாற்றினாலே எண்ணை ஏற்றிக் காட்டிவிடலாம்.

அதோடு, ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். இடுப்பு ஒடுங்கிய பெல்லட் அந்த எல்லையைத் தாண்டிப் போய் மறுபடி கீழே இறங்கும்போது தள்ளாடும், குறியும் சிதறும். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டிக்கான 4.5 மில்லிமீட்டர் ரைஃபிள்கள் நொடிக்கு 175 மீட்டர் அளவில்தான் சுடுகின்றன. இலக்கின் நடுவில் இருக்கும் அரை மில்லிமீட்டர் புள்ளியை அடிக்க அந்த வேகமே போதும்.

சக்தி கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஸ்பிரிங் ரைஃபிளில் அப்படி இல்லை. பேரலை மடக்கும்போது பிஸ்டன் பின்னுக்குப் போய் ஸ்பிரிங்கை அழுத்துகிறது. ட்ரிகரை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்கிறது, ரைஃபிள் பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் அழுத்தக் காற்றில் முட்டி நிற்கும்போது ரைஃபிள் முன்பக்கம் இழுபடுகிறது. பெல்லட் இன்னும் பேரலுக்குள் இருக்கும்போதே இந்த ஆட்டம் தொடங்கிவிடும். சக்தி ஏற ஏற ஆட்டமும் ஏறும். மடக்கும் பாரமும் அப்படித்தான்: முரட்டு மாடல்கள் சிலவற்றுக்கு 20 கிலோ அளவுக்கு விசை கொடுக்க வேண்டும். கடையில் ஒருமுறை மடக்கிப் பார்த்தால் எதுவும் தெரியாது. முப்பதாவது முறை மடக்கிவிட்டுக் குறி பார்க்கும்போதுதான் கை நடுங்கும். பழகுபவருக்கு 10 ஜூல் அளவிலான, லேசான ரைஃபிள் போதும் என்பது என் கருத்து.

காலிபர் (பேரல் துளையின் விட்டம்) விஷயத்தில் குழப்பம் அதிகம் வேண்டாம். இலக்குப் பயிற்சிக்கு 4.5 மில்லிமீட்டர்தான். 5.5 பெல்லட் கனமானது. குறைந்த சக்தி ரைஃபிளில் போட்டால் பாதை வளைந்து விழும், தூரக் கணிப்பில் சிறு பிசகு வந்தாலும் குறி தப்பும். உங்கள் நாட்டுச் சட்டம் எந்தக் காலிபரை, எத்தனை ஜூல் வரை அனுமதிக்கிறது என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அதிகம் பணம் வீணாவது ஸ்கோப்பில் (குறி பார்க்கும் தொலைநோக்கியில்). வெடிமருந்துத் துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப் பின்னோக்கிய உதையைத் தாங்கும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் முன்னோக்கிய இழுப்பை அது எதிர்பார்த்தே இருக்காது. விலை உயர்ந்த ஸ்கோப்பின் உள்பாகங்கள்கூட இதில் கழன்றுபோகின்றன. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது என்று தெளிவாகச் சொல்லும் ஸ்கோப்பையே வாங்குங்கள். அதன் பாரலாக்ஸை (கண் சற்று நகர்ந்தாலும் குறி பிசகாத தூரத்தை) 10 மீட்டர் வரை குறைக்க முடிய வேண்டும். துப்பாக்கி ஸ்கோப்கள் பல 100 கஜத்துக்கு நிலைப்படுத்தப்பட்டவை. மவுண்ட் (ஸ்கோப்பை ரைஃபிளோடு பிணைக்கும் பிடி) விஷயத்தில், நகராமல் தடுக்கும் முளை உள்ள ஒற்றைத் துண்டு மவுண்ட் நல்லது. இன்னொன்றும் உண்டு: மடக்கு பேரல்கள் பலவற்றில் முனை லேசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். ஸ்கோப்பின் திருகை முழுக்கத் திருப்பியும் குறி கீழேயே விழுந்தால், சாய்வை ஈடுகட்டும் மவுண்ட் வேண்டும். இந்தத் தலைவலியெல்லாம் வேண்டாம் என்றால் திறந்த சைட்டிலேயே (ரைஃபிளோடு வரும், கண்ணாடி இல்லாத குறிமுனையிலேயே) தொடங்குங்கள். ஆனால் இப்போது சைட்டே இல்லாமல் வரும் மாடல்களும் இருக்கின்றன, கவனம்.

கடையில் பார்க்க வேண்டியது வேறு. பேரலை மூடியபின் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. கீல் வெறும் பின்னாக இல்லாமல் போல்ட்டாக இருந்தால் பின்னாளில் தளர்ந்தாலும் இறுக்கிக்கொள்ளலாம். ட்ரிகர் இரண்டு கட்டமாக, எங்கே விடும் என்று விரலுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். ஜெர்மன் நிறுவனமான வெய்ராக்கின் ரைஃபிள்களில் இருக்கும் ரெக்கார்ட் ட்ரிகருக்கு இவ்வளவு நல்ல பெயர் இருப்பது இதனால்தான். ஸ்பிரிங்கா, கேஸ் பிஸ்டனா (ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயு) என்ற விவாதத்தை விட நல்ல ட்ரிகர் முக்கியம்.

வாங்கி ஒரு வாரத்தில் “குறி சரியில்லை” என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. புது ரைஃபிளில் உள்ளே இருக்கும் கிரீஸ் எரிந்து புகை வரும், வேகம் ஏறி இறங்கும். சில நூறு பெல்லட் போனபிறகே அடங்கும். பெல்லட்டிலும் நான்கைந்து வகையாவது சுட்டுப் பார்க்க வேண்டும், ஒரு பேரலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. அப்புறம், ரைஃபிளை இறுக்கிப் பிடிப்பதும், கடினமான மேஜை மேல் நேரடியாக வைப்பதும் குறியைக் கெடுக்கும். உள்ளங்கையில் தளர்வாக உட்காரவிட்டு, அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைக்கும்படி விட வேண்டும்.

பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடுவது, அழுத்த அறையில் சாதாரண எண்ணெய் விடுவது, மரை வெட்டிய (உள்ளே சுழல் வரிகள் உள்ள) பேரலில் இரும்புக் குண்டு போடுவது மூன்றும் ரைஃபிளுக்குக் கேடு.

பழைய ரைஃபிள் வாங்குகிறீர்களா? பேரல் திறந்திருக்கும்போது யாராவது ட்ரிகரைத் தட்டியிருந்தால் பேரல் அடித்து மூடியிருக்கும். விரலையே நசுக்கக்கூடிய வேகம் அது. அதனால்தான் பெல்லட் போட்டு முடியும்வரை பேரலை விட்டுக் கையை எடுக்கவே கூடாது. அப்படி அடிபட்ட ரைஃபிளில் பேரல் கீலுக்குச் சற்று முன்னால் மேல்நோக்கி வளைந்திருக்கலாம், மரக்கட்டையில் விரிசல் இருக்கலாம். பேரலின் நீளவாக்கில் கண்ணை வைத்து நன்றாகப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.