யாழ்ப்பாணத்தில் தரம் ஒன்று: வீடு பிடிக்கும் முன் படியுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடும்பத்தோடு வருபவர்களில், ஐந்து வயதை நெருங்கும் பிள்ளை உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். அகதி முகாமிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள், என்னைப் போல இந்த ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள், வேலையாக வருகிறவர்கள் என்று எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "எந்த ஸ்கூல் நல்லது, அதுக்குப் பக்கத்துல வீடு கிடைக்குமா?" கேள்வியின் முதல் பாதியில் குற்றமில்லை. இரண்டாம் பாதியை நம்பித்தான் என் தோழி ஒருத்தி ஓராண்டு வாடகையைப் பறிகொடுத்தாள்.

அரசு நடைமுறையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே பள்ளி ஆண்டு ஜனவரிக் கணக்கு. ஜூனில் பையை மாட்டி அனுப்பிப் பழகிய நமக்கு இதுவே முதல் குழப்பம். ஜனவரி 31-க்குள் ஐந்து வயது நிறைந்த பிள்ளை அந்த ஆண்டு தரம் ஒன்றில், அதாவது ஒன்றாம் வகுப்பில், சேரலாம். எல்கேஜி, யுகேஜி எல்லாம் பள்ளிக்குள் கிடையாது. முன்பள்ளி தனி, அங்கே படித்ததால் பெரிய பள்ளியில் இடம் கிடைத்துவிடாது. கல்வி அமைச்சு வெளியிடும் சுற்றறிக்கையோடு மாதிரி விண்ணப்பப் படிவமும் வரும். முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். நவம்பரில் வந்து இறங்கி "இன்னும் ரெண்டு மாசம் இருக்கே" என்று நினைத்தால், ஊரே விண்ணப்பித்து முடித்திருக்கும். அப்புறம் நேர்முகம். அதில் கேள்வி கேட்பது பெற்றோரிடம், பிள்ளையைச் சோதிப்பதில்லை. நம் ஊரில் மூன்று வயதுக் குழந்தையிடம் கலர் பெயர் கேட்டு, அப்பாவிடம் டிகிரி கேட்கும் கூத்தை நினைத்தால் இது எவ்வளவோ மரியாதை. பிறகு தற்காலிகப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். அதன்மேல் ஆட்சேபனை, மேன்முறையீடு எல்லாம் உண்டு. கடைசியில் இறுதிப் பட்டியல்.

பிள்ளை இந்தியாவில் பிறந்து, தாயோ தகப்பனோ இலங்கையராக இருந்தால் குடியுரிமைப் பதிவைச் சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். இந்தியப் பிறப்புச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு இங்கு வந்தால் கொழும்புக்கு அலைய வேண்டிவரும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1945-லிருந்து இங்கே கல்வி இலவசம். பாடநூலும் சீருடைத் துணியும்கூட அரசு தருகிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்று ஒன்று சிறு தொகை வாங்கும், அது வழக்கம். ஆனால் இடம் தருவதற்கென்று யாராவது தொகை பேசினால், 'டொனேஷன்' கட்டிப் பழகிய கையை அங்கே நீட்டிவிடாதீர்கள். இங்கே அதற்குப் பெயர் இலஞ்சம். 1960-இல் அரசு பள்ளிகளைப் பொறுப்பேற்றபோது தனியே நின்ற சில மிஷன் பள்ளிகள் இன்றும் தனியாகவே நடக்கின்றன. அவற்றின் சேர்க்கை முறை வேறு. நான் பேசுவது அரசுப் பள்ளிகளைப் பற்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இருக்கும் இடங்களைவிட விண்ணப்பம் கூடுதலாக வரும் பள்ளிகளில் இடங்களைப் பங்கு பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். அண்மைக்காலச் சுற்றறிக்கைகளின்படி பாதி இடம் அருகில் வசிப்பவர்களுக்கு, கால்வாசி பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. மிச்சத்தில் பெரிய பங்கு அங்கேயே படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கையருக்குப் போகும். குடும்பத்தோடு வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு: 1 சதவீதம். நூறு இடம் உள்ள பள்ளியில் அது ஒரே ஒரு பிள்ளை. ஆகவே "நாங்க வெளிநாட்டுக் கோட்டாவுல வந்துடுவோம்" என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள்.

பழைய மாணவர் பங்கு ஏன் இவ்வளவு பெரிது என்று எனக்கும் முதலில் எரிச்சல்தான். மார்ச் மாதத்தில் வடக்கின் பெருஞ்சமர் பார்க்கப் போனபோது புரிந்தது. யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904-லிருந்து ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டம் அது. நரைத்த தலைகள் டொரோண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விமானம் ஏறி வந்து, கொடியைத் தூக்கிக்கொண்டு பாண்டு வாத்தியத்துக்கு ஆடுகிறார்கள். பள்ளியின் புதுக் கட்டடத்துக்கும் பல இடங்களில் அவர்கள்தான் பணம் அனுப்புகிறார்கள். என் வீட்டுக்காரரும் அந்த ரகம். தன் பள்ளியின் பெயரைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். எங்களுக்குப் பிறந்தது பெண், அவர் படித்ததோ ஆண்கள் பள்ளி. அந்தப் பெருமை எங்கள் விண்ணப்பத்துக்கு அரைப் புள்ளிக்குக்கூட உதவவில்லை.

நமக்கு மிஞ்சுவது அருகில் வசிப்போர் பங்கு. என் தோழி விழுந்ததும் இங்கேதான்.

அவள் ஈரோட்டுக்காரி. கணவர் சிறு வயதில் படகேறிப் போய் முகாமில் வளர்ந்தவர். ஊர் திரும்பியதும் நகரில் பெயர்பெற்ற ஒரு பள்ளியைக் காட்டினார்கள். வாசலில் ஆள் உயரப் பதாகை. ஐந்தாம் தரத்தில் நடக்கும் ஸ்காலர்ஷிப் தேர்வான புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிய பிள்ளைகளின் படங்கள் வரிசை வரிசையாக. அதைப் பார்த்ததும் முடிவெடுத்துவிட்டாள். தரகர் ஒருவர் வீடு காட்டினார். "அக்கா, இடையில மதில் ஒண்டுதான். பெல் அடிச்சாப் பிறகு வெளிக்கிட்டாலும் காணும்." வாடகை பக்கத்துத் தெருவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதிலும் ஓராண்டுக் காசு முற்பணம். கொடுத்தார்கள்.

நேர்முகத்தில் முதலில் கேட்டது வாக்காளர் இடாப்பு, நம் ஊரில் வாக்காளர் பட்டியல். கடந்த ஐந்து ஆண்டுகளாகத் தாய் தகப்பன் பெயர் அந்த முகவரியில் இருக்கிறதா என்று ஆண்டு ஆண்டாகப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். கணவரின் பெயர் அப்போதுதான் இடாப்பில் ஏறியிருந்தது. இவள் இந்தியப் பிரஜை, இவள் பெயர் எந்த ஆண்டிலும் வர வழியில்லை. அடுத்தது வீட்டு ஆவணம். சொந்த உறுதி (வீட்டுப் பத்திரம்) இருந்தால் நல்ல புள்ளி. பதிவு செய்த குத்தகைக்கு அதைவிடக் குறைவு, ஆண்டு குறையக் குறைய அதுவும் தேயும். வீட்டுக்காரர் கனடாவில், சாவி அவருடைய தம்பி கையில். குத்தகையைப் பதிவு செய்ய அவர்களுக்கு மனமில்லை. நாளைக்கு எழுப்ப முடியாமல் போய்விடுமோ என்ற பயம். வெள்ளைத்தாளில் ஓர் எழுத்து, அவ்வளவுதான். மின்சாரப் பட்டியலும் தண்ணீர்ப் பட்டியலும் வீட்டுக்காரர் பெயரில்.

அந்த வீட்டில் வசிப்பதைக் காகிதத்தில் காட்ட முடியாதவர்களுக்கு மதில் எவ்வளவு பக்கத்தில் இருந்து என்ன? தூரத்தைக் கணக்கிடுவதும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. நேர்கோட்டில் அளந்து, நம் வீட்டுக்கு இன்னும் அருகில் வேறு அரசுப் பள்ளிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிப்பார்கள். யாழ்ப்பாண நகரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு பள்ளி.

உச்சகட்டம் அதற்குப் பிறகு. வசிப்பிடத்தை உறுதிசெய்யும் கடிதம் வாங்கக் கிராம அலுவலரிடம் போனார்கள். பெரியவர்கள் இன்னும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். அவர் இடாப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளை, இந்த விலாசத்தில ஏற்கெனவே ஒரு குடும்பம் பதிஞ்சிருக்கு." வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள். குடியிருப்பது வேறெங்கோ, பெயர் மட்டும் சில ஆண்டுகளாக இங்கே. அவர்கள் வீட்டிலும் தரம் ஒன்றுக்கு ஒரு பிள்ளை! வாடகை கொடுத்தது இவர்கள், முகவரியை அனுபவித்தது அவர்கள். முற்பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "வீடு தந்தனாங்கள்தானே, பள்ளிக்கூடமா தாறம் எண்டனாங்கள்?" என்று பதில். அதிலும் நியாயம் இருப்பதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

ஆகவே எந்த வீட்டுக்கும் காசு கொடுக்கும் முன் அந்தப் பகுதிக் கிராம அலுவலரைப் போய்ப் பாருங்கள். அந்த முகவரியில் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். குத்தகையைப் பதிவு செய்து தருவீர்களா என்று வீட்டுக்காரரிடம் நேராகவே கேளுங்கள். மழுப்பினால், பள்ளிக்காக அந்த வீட்டை எடுக்காதீர்கள். கணவரின் பூர்வீக வீட்டு உறுதி அவருடைய பெற்றோர் பெயரில் இருந்து, நீங்களும் அங்கேயே குடியிருக்க முடிந்தால் மதில் ஓரத்து வாடகை வீட்டைவிட அதற்கு மதிப்பு அதிகம். மாமியாரோடு ஒரே அடுக்களையா என்று யோசிப்பீர்கள். எனக்கும் அந்த யோசனை வந்தது. இருந்தாலும் சொல்கிறேன்.

அந்தப் பதாகைக்கு வருவோம். நம் ஊரில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் சுவரெல்லாம் படம் ஒட்டுவார்களே, அதேபோல இங்கே பத்து வயதுப் பிள்ளைகளின் படம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை மொத்தம் 200 புள்ளிகளுக்கு. பதாகையில் "100 வீதம் சித்தி" (நூறு சதவீதத் தேர்ச்சி) என்று பார்த்தால் மயங்காதீர்கள். பெரும்பாலும் அது 70 புள்ளிக்கு மேல் எடுத்தவர்களின் கணக்கு. உதவிப்பணத்துக்கும் பெரிய பள்ளியில் ஆறாம் தரத்துக்கும் வழி திறப்பது வெட்டுப்புள்ளி. அது மாவட்டத்துக்கு மாவட்டம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். 70-ஐவிட வெகு உயரத்தில் இருக்கும். ஆகவே அதிபரிடம் (தலைமை ஆசிரியரிடம்) இரண்டு எண்களைச் சேர்த்துக் கேளுங்கள்: எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள், அதில் எத்தனை பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள்? இருநூறு பேர் எழுதி நாற்பது பேர் தாண்டிய பள்ளிக்குப் பெரிய பதாகை இருக்கும். பன்னிரண்டு பேர் எழுதி ஐந்து பேர் தாண்டிய பள்ளிக்குப் பதாகை அடிக்கக் காசு இருக்காது.

தாண்டிய பிள்ளைகளையும் உருவாக்கியது பள்ளிதானா என்பது அடுத்த கேள்வி. பலாலி வீதியில் மாலையில் போய்ப் பாருங்கள், ரியூசன் கொட்டில்களுக்கு முன்னால் எத்தனை சைக்கிள் நிற்கிறதென்று. மூன்றாம் தரத்திலேயே புலமைப்பரிசில் வகுப்பு தொடங்கிவிடுகிறது. என் தெருவில் ஒரு பையன் ஐந்தாம் தரம் முழுக்கப் பள்ளி, ரியூசன், மாதிரி வினாத்தாள் என்றே ஓடினான். பட்டம் விடும் தை மாதத்தில்கூட அவனை வெளியே பார்க்க முடியவில்லை. அவன் எடுத்த புள்ளி எந்தப் பதாகையில் ஏறியது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. பெயர் கேட்டதும் நினைவுக்கு வரும் பெரிய கல்லூரிகள் சிலவற்றில் தரம் ஒன்றே கிடையாது. யாழ் இந்துக் கல்லூரி ஆறாம் தரத்தில்தான் தொடங்குகிறது. ஆரம்பப் பாடசாலை தனிப் பள்ளி, தனி அதிபர். ஆரம்பப் பள்ளியில் சேர்த்துவிட்டால் கல்லூரிக்குள் தானாகப் போய்விடலாமா, என்ன நிபந்தனை என்பதைச் சேர்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வெட்கப்படாதீர்கள். ஊர்க்காரர்களே கேட்கிறார்கள்.

பள்ளியை எடைபோட நான் செய்தது இது. தரம் ஒன்றும் இரண்டும் முற்பகல் 11.30-க்கே விட்டுவிடும். வேலைக்குப் போகும் அம்மாக்கள் இதையும் கணக்கில் வையுங்கள். அந்த நேரத்தில் வாசலில் நின்றால் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களோடும் அம்மம்மாக்களோடும் பேசலாம். இரண்டாம் தரப் பிள்ளையின் கொப்பியை (நோட்டை) ஒருமுறை புரட்டிப் பார்க்கக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் இதற்கு யாரும் மறுப்பதில்லை, பெருமையோடு காட்டுவார்கள். ஒரு பிரபல பள்ளியின் கொப்பி முத்து முத்தான எழுத்து, எல்லாம் கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதியது. முதல் தவணைக்குப் (முதல் டெர்முக்குப்) பிறகு ஒரு சிவப்புக் கோடு இல்லை. எங்கள் வீட்டுக்கு மூன்று ஒழுங்கை (சந்து) தள்ளி இருக்கும் சிறு பள்ளியின் கொப்பியில் எழுத்து கோணல்மாணல். "எங்கட வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டது" என்று பிள்ளை தானே எழுதியிருந்தது. கீழே ரீச்சர் "குட்டிகளுக்கு என்ன பெயர்?" என்று சிவப்பில் கேட்டிருந்தார்.

மகளை அங்கேதான் சேர்த்தோம். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். வகுப்பில் பிள்ளைகள் குறைவு. போரும் இடப்பெயர்வும் வெளிநாட்டுப் பயணமும் இப்படி எத்தனையோ கிராமப் பள்ளிகளைக் காலியாக்கிவிட்டன. இருப்பவர்களும் நகரத்துக்குப் பிள்ளையை ஏற்றி அனுப்புகிறார்கள். சின்னப் பள்ளி எல்லாமே நல்ல பள்ளி என்று நான் சொல்லவரவில்லை. ஆசிரியர் இடமாற்றம் போய் மாதக்கணக்கில் ஆள் வராத வகுப்புகளும் உண்டு, தீவகத்துப் பக்கம் (யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுகளில்) இந்தக் குறை கூடுதலாகக் கேட்கிறது. தரம் ஒன்றுக்கு யார் எடுக்கிறார், அவர் ஆரம்பக் கல்விக்குப் பயிற்சி பெற்றவரா, எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். கழிப்பறையையும் குடிதண்ணீரையும் நீங்களே போய்ப் பாருங்கள், சொல்வதை நம்பாதீர்கள்.

விண்ணப்பத்தை ஒரே பள்ளிக்கு மட்டும் போடாதீர்கள். ஆசைப்பட்ட பள்ளிக்கு ஒன்று, புள்ளி நிச்சயமாக வரும் உங்கள் தெருப் பள்ளிக்கு ஒன்று. பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். "கிடைக்கேல்லை" என்று ஓர் அலுவலகத்தில் சொல்லிவிட்டால் உங்களிடம் அது ஒன்றுதான் சாட்சி. தற்காலிகப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், மேன்முறையீட்டுக்கான கடைசித் தேதி அதே பலகையில்தான் ஒட்டியிருக்கும். போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதிபர் ஒத்துவராவிட்டால் அடுத்த படி உங்கள் வலயக் கல்வி அலுவலகம். யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று மாவட்டத்தில் ஐந்து வலயங்கள். உங்கள் பள்ளி எதில் வருகிறது என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாண வலயத்து நல்லூரில் குடியிருந்துகொண்டு, வலிகாம வலயத்துச் சுன்னாகத்துக்குப் போய் வரிசையில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.