டிராக்கை விட்டு இறங்கிய கார்: பரிசோதனையில் செய்யக்கூடாத தவறுகள்

பந்தய டிராக்கின் வளைவில் பிரேக் ஒரு நொடி பிந்திவிடுகிறது. கார் டிராக்கை விட்டு இறங்கி, புல்லில் வழுக்கி, ஓரத்துச் சரளைக்கல் படுகையான கிராவலில் புதைந்து நிற்கிறது. சுவரில் படவில்லை, டயர் தடுப்பிலும் படவில்லை. சுற்றிவந்து பார்த்தால் பம்பர் ஓரத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். நிம்மதியாகி அடுத்த செஷனுக்குக் கிளம்பிவிடுவது முதல் தவறு. சுவரில் மோதிய கார் தன் அடியைக் கண்ணெதிரே காட்டிவிடும். டிராக்கை விட்டு இறங்கிய காருக்கு அடி விழுவது வயிற்றில். அதைக் குனிந்து தேடத்தான் வேண்டும்.

டிராக் ஓரத்தில் கார்களை நிறுத்திப் பார்க்கும் பிட்டுக்கு வந்ததும் காரை நிறுத்திவிட்டு அப்பால் போகாதீர்கள். அடியில் சிக்கிய காய்ந்த புல் எக்ஸாஸ்ட் குழாயிலோ கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலோ ஒட்டியிருக்கலாம். ஓடும்போது காற்று பட்டுத் தணிந்த சூடு, நின்றதும் அங்கேயே தேங்கும், புல் பற்றிக்கொள்ளும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ரேடியேட்டர் முன்னால் அடைத்த புல்லையும் மண்ணையும் அப்போதே எடுத்துவிடுங்கள். அதன் விளைவு உடனே தெரியாது. சில சுற்றுகள் கழித்தே வெப்பமுள் ஏறும்.

கழுவாமல் நோய் சொல்வது அடுத்த தவறு. ரிம்மின் உட்புறம் அப்பிய சேறு வேகத்தில் காரையே உதறவைக்கும். சஸ்பென்ஷன் வளைந்துவிட்டது என்று பயந்துபோவோம். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையில் சிக்கிய ஒரு கல் காதைக் கிழிக்கும். அப்படியொரு சத்தத்துக்காகப் பேரிங் போய்விட்டதென்று நினைத்து சக்கரம் பூட்டப்படும் ஹப்பைக் கழற்ற ஆரம்பித்திருக்கிறேன். டிஸ்க்கை எடுத்ததும் கல் கீழே விழுந்தது. ஆனால் கழுவிய பிறகும் உதறல் நின்றபாடில்லை என்றால், பழியைச் சேற்றின் மேல் போடாதீர்கள். ரிம் வளைந்திருக்கலாம், பக்கவாட்டில் சறுக்கியதில் டயர் ஒரு பக்கம் தேய்ந்திருக்கலாம். டயருக்கும் ரிம்முக்கும் இடையில் பொடிக்கல் புகுந்திருந்தால் காற்று மெல்ல மெல்லக் கசியும். அன்றே அழுத்தத்தைக் குறித்துவைத்து, மறுநாள் காலை மீண்டும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சும் தவறு வேறு. கார் நேராகப் போகிறது, ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நிற்கிறது. உடனே வீல் அலைன்மென்டுக்குக் கொண்டுபோகிறோம். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகி டோவைச் (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை) சரிசெய்கிறார்கள், திரையில் எல்லா எண்களும் பச்சையாகின்றன. டோ ஏன் மாறியது என்ற கேள்வி மட்டும் கேட்கப்படவே இல்லை. சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம் உள்ளே வளைந்தபடியே இருக்கிறது. டிராக் ஓரத் திட்டான கெர்ப்பில் அடுத்தமுறை ஏறும்போது அது விட்டுவிடலாம். அலைன்மென்ட் செய்பவரிடம், திருத்துவதற்கு முந்தைய அளவுகளை முதலில் கேட்டு வாங்குங்கள். இடது வலது கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் திருகுவதை நிறுத்தி, வளைந்த பாகத்தைத் தேடவேண்டும்.

இயந்திரம் இல்லாமலும் நிறையக் கண்டுபிடிக்கலாம். அடிபடாத பக்கமே உங்கள் அளவுகோல். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம்வரை இருபக்கமும் டேப் பிடியுங்கள். (ரெனோ 4 போன்ற சில பழைய கார்களில் ஸ்பிரிங்காக வேலைசெய்யும் பின்பக்க முறுக்குத் தண்டுகள் (டார்ஷன் பார்கள்) ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருப்பதால், பிறவியிலேயே இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவுதான்.) டயருக்கும் ஷாக் அப்சார்பர் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் பாருங்கள். சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமின் போல்ட்டு ஓரத்தில் அழுக்குக்கு நடுவே பளிச்சென்று ஒரு கோடு தெரிந்தால், சப்ஃபிரேம் நகர்ந்திருக்கிறது. ஆர்ம் மேல் பெயின்ட் வெடித்திருப்பதும் சாட்சிதான். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். ஏதாவது ஓரிடத்தில் மட்டும் கனத்தால் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல்தண்டான ஸ்டீயரிங் ராக் வளைந்திருக்கலாம்.

ஆயில் சொட்டவில்லை என்று, எஞ்சினடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை விட்டுவிடுவதும் தவறு. அடித்தட்டு இருந்தால் கசிந்தது அதில்தான் தேங்கி நிற்கும், கழற்றாமல் தெரியாது. கசிவே இல்லாத வெறும் ஒடுக்கையும் லேசாக எண்ணாதீர்கள். சம்ப்பின் அடிமட்டத்துக்குச் சற்று மேலேதான் ஆயில் உறிஞ்சும் குழாயின் வாய் இருக்கிறது. தகடு மேலெழும்பி அதை நெருங்கினால் ஆயில் வரத்து குறையும். எஞ்சினின் உயிர் அங்கே போகும். ஒடுங்கிய சம்ப்பை இறக்கிப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

கெர்ப்பில் குதித்த பிறகு முதல் மிதியில் பிரேக் பெடல் ஆழமாகப் போனால், அதிர்வில், டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேட்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கலாம். இரண்டு மூன்று மிதியில் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் பிரேக் திரவம் போகும் ஹோஸைப் பாருங்கள், காரை நகர்த்தாதீர்கள்.

கிராவலிலிருந்து காரை எப்படி இழுத்தார்கள் என்றும் விசாரியுங்கள். கொக்கிக்குப் பதிலாக ஆர்மில் பட்டையைக் கட்டி இழுத்திருந்தால், ஓட்டுநர் செய்யாத சேதம் அங்கே நேர்ந்திருக்கும்.

ஒரே நாளில் பரிசோதனையை முடித்துவிடவும் கூடாது. பக்கவாட்டில் அடிவாங்கிய வீல் பேரிங் அன்று அமைதியாகவே சுழலும். உள்ளே விழுந்த நுண்ணிய குழிகள் பெருகப் பெருகத்தான் உறுமல் கிளம்பும். அதற்குச் சில நாட்களும் ஆகலாம். சாதாரணச் சாலையில், கண்ணாடியை இறக்கிவிட்டு மிதமான வேகத்தில் மெல்ல இடதும் வலதும் வளைத்துக் கேளுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் கூடினால், பாரம் ஏறுவது வலப்பக்கச் சக்கரங்களில். முதலில் பார்க்கவேண்டியது அந்தப் பக்கத்தை.