கதாசிரியர் திரும்பி வந்தும் கதை திரும்பி வராதபோது

பதினாறு ஆண்டுகள் காத்திருந்தேன். பதின்மூன்று வயதில் நான் படிக்கத் தொடங்கிய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் தொடர் அது. அதை ஆறு ஆண்டுகள் எழுதிவிட்டு விலகிய கதாசிரியர் மீண்டும் அதே தொடருக்கு வருகிறார் என்ற செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. முதல் இதழும் வந்தது. இருபத்திரண்டு பக்கங்களையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, இதழை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். "எப்படி இருக்கிறது, அக்கா?" என்று தங்கை கேட்டாள். "இன்னொரு முறை படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அவர் பெயரையோ தொடரின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. அவருக்கு நான் பட்ட கடன் பெரிது. இதே நிலையில் இருக்கும் வாசகருக்கு, அடுத்து வந்த மாதங்களில் நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே என் எண்ணம்.

முதலில், அன்றைக்கே பழைய இதழ்களை எடுத்து விரிக்காதீர்கள். நான் அந்தத் தவறைச் செய்தேன். அவர் முன்பு எழுதியவற்றில் ஆகச் சிறந்த இதழை எடுத்துப் புதிய இதழின் பக்கத்தில் வைத்தேன். எந்த முதல் இதழும் அந்த ஒப்பீட்டில் தோற்றுத்தான் போகும். ஒரு வாரம் கழித்து, முதல் இதழோடு முதல் இதழை ஒப்பிடுங்கள். கதாசிரியர் கிறிஸ் கிளேர்மான்ட் எக்ஸ்-மென் என்ற சூப்பர் ஹீரோ குழுவின் தொடரை எழுதத் தொடங்கியது 1975இல், 94ஆம் இதழில். வாசகர்கள் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கும், அந்தக் குழுவைச் சேர்ந்த ஜீன் கிரேயின் மரணம் வந்தது 137ஆம் இதழில், 1980இல். நடுவில் ஐந்து ஆண்டுகள். அந்த ஐந்து ஆண்டுகளை ஒரே இதழுக்குள் எதிர்பார்ப்பது நியாயமில்லை. என் கதாசிரியருடைய பழைய முதல் இதழைத் தேடி எடுத்துப் பார்த்தேன். சுமாரான இதழ்தான். நினைவு அதற்குப் பொன்முலாம் பூசி வைத்திருந்தது.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. முதல் பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கும். பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவோம். பழைய இதழிலிருந்தும் புதிய இதழிலிருந்தும் அந்தப் பட்டியலை ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். கதை, பென்சில் ஓவியம், மை, வண்ணம், எழுத்து (பேச்சுகளைப் பக்கத்தில் எழுதிச் சேர்ப்பது), எடிட்டர். நான் எழுதியபோது ஆறு வரிகளில் ஒரே ஒரு வரியில்தான் இரண்டு பக்கமும் ஒரே பெயர் இருந்தது. திரும்பி வந்தவர் ஒருவர். நான் காத்திருந்ததோ ஆறு பேருக்காக. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மை தீட்டுபவர் மாறினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஃபிராங்க் மில்லர் எழுதி வரைந்த, வயதான பேட்மேனின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் வந்த நான்கு இதழ்களில் அவருடைய பென்சில் கோடுகளின் மேல் மை தீட்டியதில் கிளாஸ் ஜான்சனுக்குப் பெரும் பங்கு உண்டு; வண்ணம் லின் வார்லி. அதன் தொடர்ச்சியாக 2001இல் தொடங்கிய மூன்று இதழ்களிலும் மில்லரும் வார்லியும் இருக்கிறார்கள். ஜான்சன் இல்லை, மையும் மில்லரே. வண்ணம் கணினிக்கு மாறிவிட்டது. இரண்டையும் திறந்து வைத்து ஒரே முகத்தைத் தேடிப் பாருங்கள். முந்தையதில் மழையும் புகையும் படிந்த கோடுகள். பிந்தையதில் தடித்த, முரட்டுக் கோடுகளின் மேல் கூசும் வண்ணங்கள். பிந்தையதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் எழுதியவரிடம் ஏதோ தொலைந்துவிட்டது என்று சொல்வதற்கு முன், நம் கண் தேடுவது யாருடைய கையை என்று பார்த்துவிட வேண்டும்.

இதைவிட ஆழமான மாற்றம் ஒன்று உண்டு, அது பட்டியலில் தெரியாது. மார்வெல் நிறுவனத்தில் பல்லாண்டுகள் ஒரு வேலை முறை இருந்தது. கதாசிரியர் கதைச் சுருக்கத்தை மட்டும் கொடுப்பார். ஓவியர் அதைக் கட்டங்களாகப் பிரித்து வரைவார். வரைந்த பக்கங்கள் திரும்பி வந்த பிறகுதான் கதாசிரியர் வசனம் எழுதுவார். எந்த இடத்தில் நிற்பது, எந்த முகத்தை நெருங்கிக் காட்டுவது, எந்தப் பக்கத்தைப் பேச்சில்லாமல் விடுவது என்பதில் பாதி முடிவுகள் ஓவியருடையவை. இப்போது பெரும்பாலும் கட்டம் கட்டமாக விவரித்த முழுப் பிரதி முதலிலேயே ஓவியர் கைக்குப் போகிறது. பழைய முறையில் வளர்ந்த ஒருவர் புதிய முறைக்குள் வந்து எழுதும்போது, முன்பு ஓவியர் செய்த வேலையை அவரே வார்த்தைகளால் செய்யப் பார்ப்பார். பக்கம் முழுக்கப் பேச்சு நிரம்பிவிடும். திரும்பி வந்தவர்களின் இதழ்களில் "ஒரே வளவளப்பு" என்று நாம் சலித்துக்கொள்வதன் வேர் பல நேரங்களில் இங்கே இருக்கிறது.

என் தொடரிலிருந்தே ஓர் உதாரணம். பழைய இதழ் ஒன்றில் ஆறு கட்டங்கள் கொண்ட ஒரு பக்கம். சண்டை முடிந்து நாயகன் வீட்டுக்கு வருகிறான். வலது கை உடைந்திருக்கிறது. விளக்கைப் போடுகிறான். ஊசியை எடுக்கிறான். கிழிந்த சட்டைக் கையை முழங்காலில் விரித்து, இடது கையால் நூலைக் கோக்கப் பார்க்கிறான். நான்காவது கட்டத்தில் நூல் நழுவுகிறது. ஐந்தாவதில் மீண்டும் முயல்கிறான். ஆறாவதில் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிறான். ஒரு சொல் கிடையாது. அவனுக்கு உதவ வீட்டில் யாரும் இல்லை என்பது எனக்குப் பதின்மூன்று வயதில் அந்தப் பக்கத்தில் புரிந்தது. புதிய இதழிலும் அவன் அடிபட்டு வீட்டுக்கு வருகிறான். கதவைத் திறப்பதற்குள் நான்கு பேச்சுப் பெட்டிகளில் தன் தனிமையைச் சொல்லி முடித்துவிடுகிறான். நல்ல தமிழில் சொன்னால், ஒப்பாரி. இந்த இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் என் ஏமாற்றத்துக்குப் பெயர் கிடைத்தது: மௌனம் போய்விட்டது. உங்களுக்கும் இப்படி ஒரு சொல் கிடைக்கும்வரை தேடுங்கள். "முன்னைப் போல் இல்லை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் மனக்கசப்பு வளருமே தவிர எதுவும் விளங்காது.

எடிட்டரின் வரியையும் தாண்டிவிடாதீர்கள். ஜீன் கிரே சாகும் முடிவு கிளேர்மான்டும் ஓவியர் ஜான் பைர்னும் முதலில் வைத்த முடிவு அன்று. சக்திகளை இழந்து அவள் உயிரோடு இருப்பதாகத்தான் வரைந்து முடித்திருந்தார்கள். கோடிக்கணக்கானவர்கள் வாழ்ந்த ஓர் உலகத்தையே அழித்தவள் அவ்வளவு எளிதாகத் தப்பக் கூடாது என்று தலைமை எடிட்டர் ஜிம் ஷூட்டர் மறுத்தார். கடைசிப் பக்கங்கள் மாற்றப்பட்டன. அந்தப் பழைய முடிவும் 1984இல் தனியாக வெளிவந்தது, இரண்டையும் படித்துப் பார்க்கலாம். நாம் கண்ணீர் விட்ட இடத்தில் கதாசிரியரின் விருப்பம் மட்டும் வேலை செய்யவில்லை. அவருக்குக் கிடைத்த மறுப்பும் சேர்ந்து வேலை செய்தது. புகழ் பெற்றுத் திரும்பி வருகிறவரிடம் "இது கூடாது" என்று சொல்லும் துணிவு எத்தனை எடிட்டர்களுக்கு இருக்கும்? எனக்கு இது பெரிய கவலை. திருத்தப்படாத பக்கம் எப்படி இருக்கும் என்பது வாசகருக்கு உடனே தெரிந்துவிடும்.

இடையில் மற்றவர்கள் எழுதிய இதழ்களைப் படிக்காமல் நேராகத் திரும்பியவரின் இதழுக்குத் தாவியிருந்தால், உங்கள் குழப்பத்தில் ஒரு பகுதி அதனால் வந்ததாக இருக்கலாம். கடைசி ஐந்தாறு இதழ்களையாவது படித்துவிடுங்கள். போதும்.

நன்றாகத் திரும்பிய ஒருவரையும் படியுங்கள். இது ஆறுதலுக்காக மட்டும் சொல்வதில்லை, ஓர் அளவுகோல் கையில் இருக்க வேண்டும். மில்லர் டேர்டெவில் என்ற சூப்பர் ஹீரோவின் தொடரை 1983இல் 191ஆம் இதழோடு விட்டுவிட்டு, 1986இல் 227ஆம் இதழிலிருந்து மீண்டும் தொடர்ந்து எழுத வந்தார். ஏழே இதழ்கள், 233இல் முடிந்தது. முன்பு அவரே வரைந்து எழுதிய தொடர் அது. திரும்பியபோது படம் வரைய அவர் உட்காரவில்லை. ஏற்கெனவே அந்தத் தொடரை வரைந்துகொண்டிருந்த டேவிட் மாஸுக்கெல்லியோடு சேர்ந்துகொண்டார். கதையோ, நாயகனிடம் இருந்த எல்லாவற்றையும் பறிப்பது. பழைய காதலி கேரன் பேஜ் ஒரு போதை ஊசிக்காக அவன் ரகசியமாக வைத்திருந்த உண்மைப் பெயரை விற்கிறாள். அது வில்லன் கிங்பின் கைக்குப் போகிறது. வேலை, பணம், வீடு எல்லாம் போகின்றன. முதல் இதழின் தொடக்கத்தில் நாயகன் மேட் மர்டாக் தன் படுக்கையில் படுத்திருப்பதை மேலிருந்து பார்க்கிறோம். அடுத்த இதழில் மலிவான விடுதி அறையில் சுருண்டு கிடக்கிறான். அதற்கடுத்ததில் தெருவில் கிடக்கிறான். பழைய வெற்றிகளை எடுத்துக் கொஞ்சிக்கொண்டிருக்க அந்தக் கதைக்கு நேரமே இல்லை. திரும்பி வந்தவர் புதிதாக ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறாரா, தன் பழைய பொருட்களைத் தூசி தட்ட வந்திருக்கிறாரா என்பதை இதைப் படித்த பிறகு உங்களால் எளிதாகக் கண்டுகொள்ள முடியும்.

எத்தனை இதழ்கள் பொறுக்கலாம்? ஒரு கதை முழுதாக முடியும்வரை. இப்போதெல்லாம் தொகுப்பாக வெளியிடும் வசதிக்காக ஒரு கதையை ஐந்து, ஆறு இதழ்களுக்கு நீட்டுகிறார்கள், ஆகவே ஆறு. அதற்கு முன் விலகினால் மனதை அரிக்கும். ஆறுக்குப் பிறகும் கடமைக்காக வாங்கினால், அந்தக் கசப்பு பழைய இதழ்களின் மேலும் படியத் தொடங்கும். அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். பழைய இதழ்கள் அச்சாகிவிட்டவை. அவற்றில் ஒரு எழுத்தைக்கூடப் புதிய இதழால் மாற்ற முடியாது. நான் மூன்று மாதம் அவற்றைத் தொடாமல் இருந்தேன். பிறகு எடுத்துப் படித்தபோது நூல் நழுவும் அந்த நான்காவது கட்டம் அப்படியே இருந்தது.

ஆறாம் இதழோடு நிறுத்திக்கொண்டேன். கதாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். புதிய இதழ்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. இடது கையால் நூல் கோக்கும் பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதி, நன்றி சொல்லி அனுப்பினேன்.

ஆனால் ஐந்தாம் இதழை வைத்திருக்கிறேன். அதன் பதினான்காம் பக்கத்தில், இரண்டு பேச்சுப் பெட்டிகளுக்கு நடுவே சிக்கிய ஒரு சின்னக் கட்டத்தில், நாயகன் மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறான். பிரதியில் அப்படி எழுதியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அது அந்த இளம் ஓவியரின் வேலை என்றே நினைக்கிறேன். பெயர்ப்பட்டியலில் இரண்டாவது வரி. அவர் அடுத்து வரையப் போகும் தொடர் எனக்குப் பழக்கமில்லாத ஒரு நாயகனுடையது; முதல் இதழுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.