ஈயச் சொம்பு: வெள்ளீயமா, காரீயமா?

ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் (டின்) செய்ய வேண்டியது. காரீயம் (லெட்) வேறு உலோகம், நஞ்சு. ரேடியோ ரிப்பேர்காரர் பற்றவைக்கும் ஈயம் இரண்டும் கலந்தது. வழக்கமான 60/40 வகையில் 40 பங்கு காரீயம். மூன்றுக்கும் பேச்சுவழக்கில் ‘ஈயம்’ என்றே பெயர். தவறுகள் பலவும் இங்கேதான் தொடங்குகின்றன.

“சுத்த ஈயம்” என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். காரீயம் விலை குறைவு, கனம் அதிகம். எடை போட்டு விற்கும் பாத்திரத்தில் அதைக் கலப்பவருக்கு இரட்டை லாபம். பில்லில் ‘வெள்ளீயம்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்த்து, கோடு விழவில்லை என்றதும் நிம்மதி அடைவது அடுத்த தவறு. பென்சில் போலச் சாம்பல் கோடு விழுந்தால் காரீயம் நிறைய இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். விழாவிட்டால் எதுவும் உறுதியில்லை. தண்ணீரில் அமுக்கி அடர்த்தி பார்ப்பதும் உதவாது. அரைக் கிலோ வெள்ளீயம் சுமார் 68 மில்லி தண்ணீரை வெளியேற்றும். அதில் 5 சதவீதம் காரீயம் கலந்தால் வித்தியாசம் ஏறக்குறைய 1 மில்லிதான். சமையலறை அளவைக்கு அது பிடிபடாது. உலோகப் பரிசோதனைக் கூடத்தில் எக்ஸ் கதிர் பாய்ச்சி உலோகக் கலவையை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் வைத்துக் காரீய அளவைக் கேட்டு வாங்குவதே வழி.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்து ஓட்டை விழுந்தால், அதைப் பற்றவைக்கும் ஈயத்தால் அடைக்கக் கொடுக்காதீர்கள். அதுவரை நல்லதாக இருந்த சொம்புக்குள் நீங்களே காரீயத்தை வைத்தது போலாகும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசக் கொடுக்கும்போதும் என்ன கட்டியை உருக்குகிறார் என்று கேளுங்கள்.

புளியும் தக்காளியும் காரீயத்தைக் கரைக்கும். நேரம் கூடக் கூடக் கரைவதும் கூடும். ஆகவே மிச்ச ரசத்தை இரவு முழுக்கச் சொம்பிலேயே விடாதீர்கள். கொதிக்கவைத்தால் போய்விடும் என்பதும் தவறு: தண்ணீர்தான் ஆவியாகும், காரீயம் ரசத்திலேயே தங்கும்.

“பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான்” என்று விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் காரீயத்தை நான்கைந்து மடங்கு அதிகம் உறிஞ்சும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து குறைந்தால் இன்னும் கூடும். வெளியே ஒன்றும் தெரியாமலே அறிவுத்திறனும் கவனமும் குறையும். கர்ப்பிணியின் எலும்பில் பல ஆண்டுகளாகத் தங்கிய காரீயம் ரத்தத்தில் இறங்கிக் கருவையும் எட்டும்.

சந்தேகம் வந்தால் சொம்பை அன்றே ஒதுக்கிவிட்டு, ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பரிசோதனை செய்யுங்கள். விரல் நுனியில் எடுத்த சொட்டில் தோலின் அழுக்கு சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டலாம். நரம்பில் எடுத்து உறுதிசெய்யுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே காரீயம் வரும் வழியைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்காக நச்சு நீக்கும் மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்குப் பொதுவாக அந்த அளவு 45 மைக்ரோகிராமை எட்டினால்தான் மருத்துவர் அதைத் தருவார். வீட்டில் மற்றப் பிள்ளைகளும் அதே ரசத்தைத்தான் சாப்பிட்டிருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்தே ரத்தம் எடுங்கள்.