எகிப்தின் நீலக் கிண்ணம்: மண்ணும் இல்லை, தாமரையும் இல்லை

பெரிய மியூசியங்களின் எகிப்துப் பிரிவில் ஒரு நீலக் கிண்ணத்தைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே கறுப்புக் கோட்டில் ஒரு குளம், பூ, சில சமயம் மீன். 18ஆம் அரச மரபின் காலத்துக் கிண்ணம் என்றால் வயது 3,300 ஆண்டுக்கு மேல். பெயர்ப்பலகையில் 'ஃபயான்ஸ்' என்றிருக்கும். அதைத் தமிழில் எழுத உட்காரும்போதுதான் வழுக்குகிறது.

முதலில் கை போவது 'மட்பாண்டம்' என்ற சொல்லுக்கு. வேண்டாம். படிகக்கல்லையோ மணலையோ மாவாக அரைத்து, கொஞ்சம் சுண்ணாம்பும், நேட்ரான் என்ற இயற்கைச் சோடா உப்போ செடிச்சாம்பலோ சேர்த்துப் பிசைந்தது இது. களிமண்ணின் இழுவை இதற்குக் கிடையாது. உடைந்த விளிம்பைக் கவனித்தால் நீலத்துக்கு அடியில் வெளிறிய, பொரபொரப்பான மணல் தெரியும்.

அடுத்தது, 'நீல வண்ணம் பூசப்பட்டது' என்று எழுதுவது. மேலே பூசிச் சுடும் முறையும் இருந்தது, சரி. ஆனால் பல பொருள்களில் அந்தப் பளபளப்பு உள்ளிருந்து வந்தது. ஈரச்சுவர் காயும்போது உப்பு பூக்கிறதே, அதே கதைதான். கலவை காயக் காய உப்பு மேலே வந்து படியும். சூளையில் மணலோடு உருகிக் கண்ணாடித் தோலாகும். நீலம் தருவது செம்பு. தரையில் ஒட்டிக் காய்ந்த அடிப்பாகத்தில் உப்பு பூக்க வழியில்லாததால் அங்கே பளபளப்பு குறைவு. கறுப்புக் கோடு மட்டும் தனியாகத் தீட்டியது, அது மாங்கனீஸ்.

பெயரை வைத்து இத்தாலிக்கு ஓடுவதும் உண்டு. ஃபயன்ஸா ஊர்ப் பாண்டங்களின் பெயரை ஐரோப்பியர்கள் இதற்கும் ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். எகிப்தியர் வைத்த பெயருக்கு 'ஒளிர்வது' என்று பொருள். விலையுயர்ந்த நீல நிறக் கற்களை வாங்க முடியாதவர்களின் மலிவுச் சரக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. சக்காராவில் மன்னர் ஜோசரின் படிப் பிரமிடு வளாகத்து நிலத்தடி அறைகளுக்கு இதே பொருளில் சுமார் 36,000 ஓடுகள் பதித்தார்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது 'தாமரை'. ஆங்கிலத்தில் லோட்டஸ் என்று இருப்பதால் நாமும் அப்படியே எழுதிவிடுகிறோம். கிண்ணத்தில் இருப்பது பெரும்பாலும் நைல் நதியின் நீல அல்லி. உண்மையான தாமரை எகிப்துக்கு வந்ததே பல நூற்றாண்டுகள் கழித்து, பாரசீகர் காலத்தையொட்டி. அல்லி, ஆம்பல், குவளை என்று இத்தனை சொல் வைத்திருக்கும் நாம் இதில் தடுமாறலாமா? இதழ் குறுகிக் கூராக இருந்தால் நீல அல்லி; அகன்று உருண்டிருந்தால் வெள்ளை அல்லி.

அப்புறம் அந்த மீன். பெரும்பாலும் அது திலேப்பியா, நம்மூர்ச் சந்தையில் கிடைக்கும் ஜிலேபி மீனின் நெருங்கிய உறவு. முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும் சாதி. வாயிலிருந்து குஞ்சுகள் வெளிவருவதைப் பார்த்த எகிப்தியர் அதை மறுபிறப்பின் அடையாளமாகக் கொண்டார்கள். சில கிண்ணங்களில் அந்த வாயிலிருந்து அல்லி மொட்டு ஒன்று தண்டோடு நீண்டிருக்கும். அதை 'மீன் இரை தின்கிறது' என்று விளக்கி எழுதியவர்களும் உண்டு.