முகாமில் விரல் நீட்டும் முன்

ஆனைகட்டியைத் தாண்டி, கேரளத்துப் பழங்குடிப் பகுதியான அட்டப்பாடிக்குள் லேப் டெக்னீஷியனாகப் பல வருஷம் ரத்தம் எடுத்தவள் நான். சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்குச் சோதனை முகாம் வருகிறது என்றாலே ஊர்க்கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, "ரத்தத்தை வாங்கிட்டுப் போயி கொழந்தைங்களையே மாத்தப் போறாங்க" என்பான். ஏதோ படத்தில் பார்த்திருப்பான். அவனை அதட்டாதீர்கள், பயம் நியாயமானதுதான். ஆனால் பேச்சு அங்கேயே நின்றுவிடக் கூடாது.

2013-ல் அமெரிக்க செனட்டர் ராண்ட் பால் 'கட்டாக்கா' படத்தின் கதையை மேடையில் சொல்லி, மரபணுவைப் பார்த்து மனிதரைத் தரம் பிரிக்கும் காலம் வரும் என்று எச்சரித்தார். அப்புறம் எழுந்த சண்டையோ, அந்த வரிகள் விக்கிப்பீடியாவில் இருந்து எடுத்தவையா என்பதைப் பற்றி. அந்த நாட்டில் 2008-ல் வந்த மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வேலைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் பாதுகாப்பு தருகிறது, ஆயுள் காப்பீட்டுக்குத் தருவதில்லை. பேச வேண்டியது அந்த ஓட்டையை. நம் ஊரில் பேச வேண்டியது, முகாமில் பேர் எழுதும் நோட்டை.

முதலில், என்ன சோதனை என்று கேளுங்கள். பெரும்பாலும் சின்னக் குழாயில் இருக்கும் மருந்தில் ஒரு சொட்டு ரத்தம் விடுவோம். சில நிமிஷம் கழித்துக் கோடு போட்ட அட்டைக்கு முன்னால் பிடிப்போம். குழாய் வழியாகக் கோடு தெரிந்தால் பயமில்லை. கலங்கிப் போய்க் கோடு மறைந்தால் சிக்கிள் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஆனால் ரத்தம் கொடுத்தவர் நோய் இல்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமக்கும் கேரியரா, நோயாளியா என்று அந்தக் குழாய் சொல்லாது. அதற்கு ஹீமோகுளோபினை வகை பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரசிஸ் அல்லது எச்.பி.எல்.சி. சோதனை செய்ய வேண்டும். அந்த இரண்டாவது முடிவு காகிதத்தில் வரும்வரை 'நோய்' என்ற சொல்லை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

ஒரு முகாமில் முடிவுகளைப் பள்ளி வராந்தாவில் பேர் சொல்லிச் சத்தமாக வாசித்தார்கள். பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி, கேரியர் மட்டும்தான். ஒரே வாரத்தில் அவளுக்குப் பேசி வைத்திருந்த கல்யாணம் நின்றது. மாப்பிள்ளையின் ரத்தத்தை யாரும் பார்க்கவே இல்லை. அவள் விரலைக் குத்தியது நான். இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால் விரல் நீட்டும் முன்பே கேளுங்கள், பிறகு அல்ல. பேரை யார் எழுதுகிறார்கள்? நோட்டு எங்கே போகிறது? போனில் ஏற்றுகிறார்களா, அதை யாரெல்லாம் திறக்க முடியும்? கேட்கக் கூச்சப்படாதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதற்காகச் சோதனையே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டம் நாற்பது வயசு வரை ஏழு கோடிப் பேரைச் சோதிப்பதை இலக்காக வைத்தது. அது நமக்குத் தேவைதான். தாய் தகப்பன் இருவரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. கல்யாணப் பேச்சில் இரண்டு வீடும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும், பெண் வீடு மட்டும் சோதனை முடிவுக் கார்டைக் காட்ட வேண்டாம்.

ஊர்த் தலைவரான மூப்பனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: முடிவு சொல்லும் மேஜை வரிசைக்குப் பக்கத்தில் வேண்டாம், பேச்சு காதில் விழும். தனி அறை இல்லையென்றால் தள்ளி ஒரு மரத்தடியில் இரண்டு கம்பு நட்டுச் சேலை கட்டுங்கள். ஒருவர் வெளியே வந்த பிறகு அடுத்தவர் உள்ளே போகட்டும்.