குதிகால் வலி: முதல் அடி வைக்கும் முன்பே தொடங்குங்கள்

காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி குத்தியது போல் சுருக்கென்று வலிக்கிறது. கொஞ்சம் நடந்ததும் குறைகிறது. நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் திரும்பவும் அதே வலி. இப்படி வந்தால் பெரும்பாலும் அது பிளாண்டார் ஃபேசியைடிஸ்தான், அதாவது பாதத்தின் அடியில் உள்ள திசுப்பட்டை பழுதாவதால் வரும் வலி. குதிகாலின் அடியில், உள்பக்கமாக, பாத வளைவு தொடங்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வலி அந்த ஒரே இடத்தில் பளிச்சென்று தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

குதிகால் எலும்பிலிருந்து கால்விரல்களின் அடிப்பகுதி வரை தடித்த திசுப்பட்டை ஒன்று ஓடுகிறது. பாத வளைவைத் தாங்குவது அதுதான். நடக்கும் தூரத்தைத் திடீரென்று கூட்டுவது, கடினமான தரையில் நாள் முழுக்க நிற்பது, உடல் எடை ஏறுவது, கெண்டைக்கால் தசை இறுகிப்போவது எல்லாம் அந்தப் பட்டை எலும்போடு ஒட்டும் இடத்தைப் பழுதாக்கும். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து பட்டை தொய்ந்து கிடக்கிறது. எழுந்ததும் மொத்த உடல் எடையும் அதன்மேல் இறங்குவதால்தான் முதல் அடி அவ்வளவு கொடுமையாக இருக்கிறது.

அதனால் முதல் பயிற்சியைப் படுக்கையில் உட்கார்ந்தபடியே செய்யுங்கள். வலிக்கும் காலைத் தூக்கி மற்ற தொடையின் மேல் வையுங்கள். ஐந்து விரல்களையும் அடியோடு சேர்த்துப் பிடித்து முழங்கால் பக்கமாக இழுங்கள். மற்ற கையால் உள்ளங்காலைத் தடவினால் பட்டை கயிறாக விறைத்து நிற்பது தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் இழுத்தது போதாது. விரல்நுனியை மட்டும் வளைத்தாலும் இதே கதைதான். 10 விநாடி பிடித்து விடுங்கள். இப்படி 10 முறை. ஒரு நாளைக்கு மூன்று தடவை. அதில் ஒன்று காலை முதல் அடிக்கு முன், இன்னொன்று நெடுநேரம் உட்கார்ந்து எழுவதற்கு முன்.

அடுத்தது கெண்டைக்கால். சுவரில் கைகளை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாயுங்கள். முழங்காலை நீட்டி 30 விநாடி, லேசாக மடக்கி 30 விநாடி, ஒவ்வொன்றும் மூன்று முறை. பின்கால் வெளிப்பக்கம் திரும்பிவிட்டால் இழுவை சரியாகக் கிடைக்காது. விரல்கள் நேராகச் சுவரைப் பார்க்கட்டும்.

பலரும் தசையை இழுத்துவிடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பட்டைக்குச் சுமை தாங்கும் வலு திரும்பவும் வர வேண்டும். ஓய்வால் மட்டும் அது வராது. மாடிப்படியின் விளிம்பில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, விரல்கள் மேல்நோக்கி வளைந்து அதன்மேல் இருக்கும்படி முன்பாதத்தை ஊன்றி நில்லுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 3 விநாடியில் குதிகாலை உயர்த்தி, மேலே 2 விநாடி நின்று, 3 விநாடியில் இறக்குங்கள். துண்டு இல்லாமல் செய்தால் கெண்டைக்காலுக்குத்தான் வேலை. விரல்கள் வளைந்தால்தான் பட்டை இறுகும். ஒரே காலில் முடியாவிட்டால் இரண்டு காலிலும் தொடங்கலாம். 12 முறை கொண்ட 3 சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு வாரம் கழித்து, முதுகுப்பையில் புத்தகங்களைப் போட்டுச் சுமையைக் கூட்டி, 10 முறை வீதம் 4 சுற்று செய்யுங்கள். செய்யும்போது ஓரளவு வலிப்பது பரவாயில்லை. மறுநாள் காலை வலி வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் சுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குணமாகும் வரை வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். செருப்பைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள்: விரல் பகுதியில் மடங்கலாம், நடுவில் மடங்கினால் அது உதவாது. குதிகால் பக்கம் சற்று உயரமாக, பாத வளைவைத் தாங்கும்படி இருக்க வேண்டும். சாயங்காலம் வலி கூடினால் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, பாதத்தின் அடியில் 5 முதல் 10 நிமிடம் உருட்டலாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் ஐஸ் வைக்கவே கூடாது; தோல் புண்ணானாலும் தெரியாது. ஐபூபுரோஃபன் போன்ற மாத்திரைகள் கொஞ்ச நாளைக்கு வலியைத் தணிக்கும், அவ்வளவுதான். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொட வேண்டாம்.

எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு வளர்ந்திருக்கிறது என்று சொன்னால் கலங்காதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு. ஸ்டீராய்டு ஊசி விரைவில் ஆறுதல் தரும், ஆனால் அது நீடிப்பதில்லை; பட்டை கிழியும் ஆபத்தும், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயும் ஆபத்தும் உண்டு. எனவே அதை முதல் வழியாக எடுக்க வேண்டாம்.

இது மெதுவாகக் குறையும் வலி. சில வாரங்களில் முன்னேற்றம் தெரியத் தொடங்கும், முழுதாகப் போகப் பல மாதங்கள் ஆகலாம். வலி பாதி குறைந்ததும் பயிற்சியை விட்டுவிட்டுப் பழைய தூரத்தை ஒரேயடியாக நடப்பதால்தான் அது பலருக்கும் திரும்ப வருகிறது.

வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாத நிலைகளும் உண்டு. மரத்துப்போதல் அல்லது எரிச்சல், படுத்திருக்கும்போதும் விடாத வலி, வீக்கம், சூடு, காய்ச்சல் இருந்தாலோ, 'டப்' என்று ஏதோ அறுந்த உணர்வுக்குப் பின் வலி தொடங்கியிருந்தாலோ, குதிகாலை இரு பக்கமும் பிடித்து அமுக்கினால் கடுமையாக வலித்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது எலும்பில் நுண்ணிய விரிசல் இருப்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம்; அந்நிலையில் மேலே சொன்ன படிக்கட்டுப் பயிற்சி கெடுதலே செய்யும்.